மாநகராட்சித் தேர்தல்: வீடு மாறியவர்கள் எந்த வார்டில், எப்படி ஓட்டுப் போடுவது?

மடிப்பாக்கம் புதுவரவு:
வணக்கம். வில்லிவாக்கத்திலிருந்து மடிப்பாக்கத்துக்கு வாடகைக்கு வந்து எட்டு மாதமாகிறது. வாக்காளர் அட்டையில் பழைய முகவரிதான் இருக்கிறது. 2022-ல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது என்பதால் இப்போதே எல்லாவற்றையும் சரிசெய்துவிட நினைக்கிறேன். பழைய அட்டையைக் காட்டி இங்கே ஓட்டுப் போட முடியுமா? மேயருக்குத் தனியாக ஓட்டு உண்டா? சாவடிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? இன்னொன்று: மாமியார் செங்கல்பட்டு பக்கம் ஒரு ஊராட்சியில் இருக்கிறார், பார்வை மிகக் குறைவு. அங்கே ஓட்டுமுறை வேறு என்கிறார்களே?

பாகம்எண்:
அட்டையில் இருக்கும் முகவரி முக்கியமில்லை. பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். உங்கள் பெயர் வில்லிவாக்கம் பட்டியலில் இருந்தால் அங்கேதான் ஓட்டு. அட்டையைக் காட்டி மடிப்பாக்கத்தில் போட முடியாது.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. ஆனால் மாநில ஆணையத்தின் வார்டுப் பட்டியல் அந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரித்து எடுக்கப்படுகிறது. ஆகவே திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும். வீடு மாறியதற்குப் படிவம் 8. ஆன்லைனிலும் போடலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். அட்டை எண் மாறாது, முகவரி மட்டும் மாறும்.

வாடகைக்கு இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் முகவரிச் சான்று. பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது செல்லாது, பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்க வேண்டும். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அதுவும் உதவாது. முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தில் புது முகவரியை ஏற்றுங்கள். அதன் பிறகு படிவம் 8 போடுங்கள்.

அதற்கும் முன்னால், பழைய இடத்தில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது (எஸ்.ஐ.ஆர்.) 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. வீடு மாறியவர்கள் அதில் நிறையப் பேர். பெயர் நீங்கியிருந்தால் படிவம் 8 பயன்படாது, படிவம் 6 போட்டுப் புதிதாகச் சேர வேண்டும். பெயர் இருக்கும்போதே படிவம் 6 போட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு.

இப்போதே செய்துவிட நினைப்பது நல்ல முடிவு. 2022-ல் தேர்தல் அறிவிப்பு வந்தது ஜனவரி 26 மாலை. பிப்ரவரி 4-ஆம் தேதியே வேட்புமனு முடிந்தது, 19-ல் வாக்குப்பதிவு. இருபத்து நான்கே நாள்! அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடியவர்களுக்கு நேரம் போதவில்லை.

மேயருக்குத் தனி ஓட்டு கிடையாது. 2011-ல் மேயரையும் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2019-ல் சட்டம் மாறியது. 2022-ல் நாம் போட்டது வார்டு உறுப்பினருக்கு மட்டும்; மார்ச் 4-ல் உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே ஓட்டு என்பதால், தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நாளை யாரைப் போய்க் கேட்கப்போகிறோம் என்று யோசித்துப் போடுங்கள்.

சாவடிப்பணி:
வாக்குப்பதிவு நாள் விவரத்தை நான் சொல்கிறேன்.

சட்டமன்றத் தேர்தலில் போட்ட அதே பள்ளி, அதே அறை என்று நம்பிப் போகாதீர்கள். வார்டு எல்லையும், சட்டமன்றப் பட்டியலைப் பிரித்திருக்கும் பாகங்களின் எல்லையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அடுத்தடுத்த தெருக்கள் வேறு வேறு வார்டாக இருக்கும். உள்ளாட்சியில் ஆண்களுக்குத் தனிச் சாவடி, பெண்களுக்குத் தனிச் சாவடி, இருவருக்கும் பொதுச் சாவடி என்று மூன்று வகை வேறு உண்டு. கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில் வேறு வேறு அறைக்குப் போக நேரலாம். ஆகவே முன்கூட்டியே மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: வார்டு எண், சாவடி எண், பட்டியலில் உங்கள் வரிசை எண். பூத் சிலிப் வந்தால் அதிலேயே இருக்கும். வராவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேடலாம், மண்டல அலுவலகத்திலும் கேட்கலாம்.

பூத் சிலிப்பை மட்டும் நம்பாமல் அடையாள ஆவணத்தின் அசலை எடுத்துப் போங்கள். வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்றவை ஏற்கப்படும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பலர் அதைக் கொண்டுவந்து திரும்பிப் போகிறார்கள். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

உள்ளே முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான் அது. அடுத்த அலுவலர் உங்கள் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஒரு சீட்டுத் தருவார். அந்தச் சீட்டை வாங்கிக்கொள்பவர்தான் கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தி உங்களுக்கு வழி திறந்துவிடுவார்.

இப்போது மறைப்புக்குள் இருக்கும் கருவியைக் கவனியுங்கள். மேலே பச்சை விளக்கு எரிந்தால்தான் அது தயார். எரியாவிட்டால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது, அலுவலரிடம் சொல்லுங்கள். பச்சை எரிந்ததும் உங்கள் சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அமுக்குங்கள். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு ‘பீப்’ கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை நகராதீர்கள். 2022 உள்ளாட்சித் தேர்தலில், யாருக்குப் போட்டோம் என்பதைச் சீட்டில் காட்டும் விவிபேட் கருவி இல்லை, சீட்டு எதுவும் விழவில்லை. விளக்கும் ஒலியும்தான் உங்களுக்குச் சாட்சி. நோட்டா பொத்தானும் அப்போது இல்லை. வேட்பாளர்கள் பதினாறு பேருக்கு மேல் போனால் இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் கருவியில் உங்கள் சின்னம் தெரியவில்லை என்று பதறாமல் இரண்டாவதையும் பாருங்கள்.

கிராமசபை:
மாமியாருக்கு நான்கு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். 2019-லும் 2021-லும் இவற்றுக்குக் காகித வாக்குச்சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்குப் பொதுவாக வெள்ளை.

செல்லாத ஓட்டு விழுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுக்கோட்டில் விழுவது. இரண்டு, அவசரத்தில் மடிப்பது. முத்திரையின் மை ஈரமாக இருக்கும்போது மேலிருந்து கீழாக மடித்தால், அது எதிரே இருக்கும் இன்னொரு சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் நெடுக்காக மடியுங்கள், பிறகு குறுக்கே. நெடுக்காக மடித்தால் மை ஒட்டினாலும் அதே வேட்பாளரின் கட்டத்துக்குள்தான் ஒட்டும். கொடுக்கப்படும் முத்திரையைத் தவிர வேறெதுவும் கூடாது. பேனாவால் டிக் போட்டாலும், கைநாட்டு வைத்தாலும், கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

பார்வை குறைந்தவர் தன்னுடன் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணையாக அழைத்துப் போகலாம். அவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் அன்றைக்கு ஒருவருக்கு மட்டும்தான் துணை. மாமனாருக்கும் தேவைப்பட்டால் வேறு ஆள் வேண்டும். யாருக்குப் போடுவது என்பதை வீட்டிலேயே நான்கு பதவிக்கும் மாமியாரிடம் தனித்தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னபடி குத்துவது மட்டும்தான் துணைக்குப் போகிறவரின் வேலை.

மடிப்பாக்கம் புதுவரவு:
மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். போகும்போது "உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று சொன்னால் என்ன செய்வது?

சாவடிப்பணி:
சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாள ஆவணத்தையும் மை இல்லாத விரலையும் காட்டி, ‘ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு’ வேண்டும் என்று இதே வார்த்தையில் கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று அவருக்குத் தெளிவானால் காகிதச் சீட்டுத் தருவார். அதற்கான பட்டியலில் கையெழுத்து வாங்குவார். நீங்கள் முத்திரை குத்தித் தந்ததும் தனி உறையில் வைப்பார், இயந்திரத்தில் சேராது. வழக்கமான எண்ணிக்கையிலும் வராது. ஆனால் முடிவு நான்கைந்து ஓட்டில் தொங்கி, தேர்தல் வழக்கு நீதிமன்றம் போனால் அந்த உறையைத் திறந்து பார்ப்பார்கள். வார்டுத் தேர்தலில் வித்தியாசம் அவ்வளவு குறைவாக வருவது உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், இந்தச் சிக்கல் வரவே வாய்ப்பு குறைவு.