கிச்சன் கபோர்டு கதவு மட்டும் மாற்ற வேண்டும், என்ன அளவு சொல்வது? அவசரம்

மூணாவதுமாடி: வீடு பெங்களூரு, கே.ஆர். புரம் பக்கம். சிங்க் அடியில் இருக்கும் இரண்டு கதவும் ஊதிப்போய் ஓரம் உதிர்கிறது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் "ஃபுல் ஓவர்லேயா, ஹாஃபா" என்று கேட்கிறார்கள். சாதாரணக் கதவுதான். நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

காபிப்பொடி: சாதாரணம் என்றால்? பிளைவுட்டா, எம்.டி.எஃப்பா (மரநாரை அழுத்திச் செய்த பலகை)? தடிமன் எவ்வளவு? கீல் படம் போடுங்கள்.

அல்சூர்வாசி: இப்படி ஊதினாலே எம்.டி.எஃப்போ, மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டோதான். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள், வேறு பேச்சே வேண்டாம்.

உளிச்சத்தம்: இதற்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? பழைய இழையைத் தேடிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. சரி, கேளுங்கள். கதவை மூடுங்கள். பக்கப்பலகையின் விளிம்பு முழுக்க மறைந்தால் ஃபுல். ஒரே பலகையை இரண்டு கதவுகள் பங்கு போட்டுக்கொண்டால் ஹாஃப். கதவு பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தால் இன்செட். மூன்றுக்கும் கீலின் வளைவு வேறு. அளவு எடுப்பது கதவில், திறப்பில் அல்ல. அதுவும் ஊதிய ஓரத்தில் டேப் வைக்காதீர்கள், அதே வரிசையில் நல்ல கதவு இருந்தால் உயரத்தை அதில் எடுங்கள். உயரம் முதலில், அகலம் பிறகு. மரவரி போட்ட லேமினேட் தாள் ஒட்டிய கதவில் இதை மாற்றிச் சொன்னால் வரி படுத்துக்கொள்ளும்.

காபிப்பொடி: கீல் உட்காரக் கதவில் போடும் குழி 35 மி.மீ. தானே? மேலிருந்து குழியின் மையம் எவ்வளவு என்றும் குறித்துக் கொடுங்கள். இல்லையென்றால் துளை போடாமல் வாங்கி, ஆசாரியை வைத்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

தக்காளிச்சோறு: 710 வீண் செலவு சார். எச்.டி.எச்.எம்.ஆர். (ஈரம் தாங்கும் கெட்டியான ஃபைபர் போர்டு) போதும், அவ்வளவாக வளையாது.

அல்சூர்வாசி: சிங்க் அடியிலா? 710 பலகையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பார்கள், தெரியுமா?

தக்காளிச்சோறு: அந்தச் சோதனை பசைக்கு. கதவு முறுக்கிக்கொள்வது வேறு கதை. எங்கள் வீட்டு லாஃப்ட் கதவை வந்து பாருங்கள்.

உளிச்சத்தம்: எந்தப் பலகையானாலும் எட்ஜ் பேண்ட் என்ற ஓரப்பட்டை ஒட்டாத விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் ஏறும். சிங்க் குழாய் ஒழுகுகிறதா என்று இவரை ஒருவராவது கேட்டீர்களா?

அல்சூர்வாசி: வாடகை வீடா? அப்படியென்றால் ஓனர் தலையில் கட்டுங்கள்.

காபிப்பொடி: பெங்களூரில் அட்வான்ஸில் கழிப்பார்களே தவிரத் தர மாட்டார்கள்.

மூணாவதுமாடி: வாடகைதான். 18 மி.மீ. பலகையைப் பாதிதான் மறைக்கிறது. ஹாஃப் என்று சொல்லிவிட்டேன். நன்றி.

உளிச்சத்தம்: இரண்டு பக்கமும் பாதியா? கடைசிப் பெட்டியென்றால் ஒரு பக்கம் ஃபுல் வரும். குழாயைப் பார்த்தீர்களா?

காபிப்பொடி: ஆள் போய்விட்டார்.