தேக்கு மேசையில் வைத்த ஃபில்லர் குழி விழுந்து வெளுத்து நிற்கிறது, என்ன செய்ய?

கேட்டவர்:
தாத்தா காலத்துத் தேக்கு மேசை. மேல் பலகையில் பழைய ஆணி ஓட்டைகள் பதினைந்துக்கு மேல், ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. நாற்றம் இல்லை, கையில் ஒட்டினால் தண்ணீரில் கழுவிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னதால் தண்ணீர் அடிப்படையிலான வுட் ஃபில்லர் (மரத்தின் ஓட்டை அடைக்கும் சாந்து) வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடைத்து வழித்துவிட்டேன். இரண்டு நாளில் ஒவ்வொரு ஓட்டையிலும் குழி. பெரிய ஓட்டையில் நகத்தால் அழுத்தினால் உள்ளே இன்னும் களி மாதிரி இருக்கிறது. அதற்குள் அவசரப்பட்டு ஒரு மூலையில் மரத்துக்கு நிறம் ஏற்றும் வால்நட் ஸ்டெயின் தடவினேன், மரம் கறுத்தது, ஃபில்லர் மட்டும் அம்மைத் தழும்பு போல வெளுப்பாகத் தெரிகிறது. டப்பா பழசா, நான்தான் தப்பா?

பதில் 1:
டப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது ஃபில்லர் சுருங்கத்தான் செய்யும். ஆழமான ஓட்டையில் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், அதிலும் மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். களியாக இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வைக்காமல், ஒன்று முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்ததை வையுங்கள். கடைசிப் பூச்சு பலகை மட்டத்தைவிடக் கொஞ்சம் புடைத்து நிற்கட்டும். அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 180, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் ஃபில்லர் வைக்கும் முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

பதில் 2:
வெளுப்புக்கு வருகிறேன். 'ஸ்டெயின் பிடிக்கும்' என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மரம் உறிஞ்சுவது போல ஃபில்லர் உறிஞ்சாது. பெயிண்ட் அடிக்கிற வேலை என்றால் இந்தக் கவலையே இல்லை. பாலிஷ் வேலைக்கு ஃபில்லரை ஈரமாக இருக்கும்போதே நிறம் கூட்ட வேண்டும். பெயிண்ட் கடையில் சின்னக் குப்பியில் கிடைக்கும் ஸ்டெய்னரை (நிறம் கூட்டும் சாயம்) சொட்டுச் சொட்டாகக் கலந்து பாருங்கள், அதிகமானால் ஃபில்லர் பலம் இழக்கும். ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பவே கூடாது. துண்டு மரத்தில் வைத்துக் காயவிட்டு, அதன் மேலும் பக்கத்து மரத்தின் மேலும் டர்பன்டைன் தொட்டுத் தடவினால் பாலிஷ் போட்ட பிறகு எப்படித் தெரியும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும்.

கேட்டவர்:
நன்றிங்க. எங்கள் ஊர் ஆசாரி, பெவிகாலில் மரத்தூளைக் குழைத்து வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்கிறார். இன்னொன்று, தலை உள்ளே இருக்கும் இரண்டு ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம் வந்திருக்கிறது.

பதில் 3:
நானும் அப்பாவோடு பட்டறையில் இருந்தவன். பெவிகால் மரத்தூள் அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் பசை ஊறிய இடத்தில் ஸ்டெயின் ஏறாது, காய்ந்ததும் பெரும்பாலும் மரத்தைவிடக் கறுப்பாகத்தான் நிற்கும். தேய்க்கவும் கடினம். கறுப்பு வளையம், ஃபில்லரின் ஈரத்தில் இரும்பும் மரச்சாறும் சேர்ந்து வந்தது. ஆணியைப் பிடுங்க முடிந்தால் பிடுங்குங்கள், முடியாவிட்டால் தலையை இன்னும் உள்ளே இறக்கி, அதன் மேல் ஒரு பொட்டு மெட்டல் பிரைமர் வைத்துக் காய்ந்த பிறகு அடையுங்கள்.

வெடிப்பில் மட்டும் ஃபில்லர் வேண்டாம் தம்பி. பலகை மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும், ஃபில்லர் கூடவே போகாது, ஒரு வருடத்தில் விரிசல் விடும். தேக்குச் சிம்பு ஒன்றை மெல்லிசாகச் சீவிப் பசை தடவி இறக்கு, காய்ந்ததும் உளியால் மட்டம் எடு. அதே போல, திருகாணி திரும்பப் போட வேண்டிய ஓட்டையிலும் ஃபில்லரை அடைக்காதே, மரை பிடிக்காது.

கேட்டவர்:
பலகையின் அடிப்பக்கத்தில் நான்கு நிறத்தில் ஃபில்லர் பொட்டு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது, மஞ்சளும் காவியும் கலந்தது, பாலிஷுக்குப் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மீதி டப்பாவில் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது, என்ன செய்ய?

பதில் 1:
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் அழுத்தி மூடி வையுங்கள். முழுக்க இறுகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.