உப்புநீரில் இறக்கும் படகுக்கு எந்த டிரெய்லர் பொருத்தம்?

கேள்வி:
வணக்கம். மெல்பர்னில் வசிக்கிறோம். எங்கள் 4.8 மீட்டர் அலுமினியப் படகை இதுவரை ஈல்டன் ஏரியின் நன்னீரில் மட்டுமே ஓட்டினோம். இனி போர்ட் பிலிப் விரிகுடாவிலும் வெஸ்டர்ன் போர்ட்டிலும் மீன்பிடிக்க எண்ணியுள்ளோம். இப்போதுள்ள டிரெய்லர் பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டம் கொண்டது என்பதால், அதை மாற்றிவிட்டு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ததையோ அலுமினியத்தையோ வாங்க விரும்புகிறேன். எஞ்சின், பெட்ரோல் உட்படப் படகு ஏறக்குறைய 750 கிலோ இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பிரேக் கட்டாயமா?

மறுமொழி 1:
உங்கள் அளவுப் படகுக்கு நான் கால்வனைஸ் டிரெய்லரையே பரிந்துரைப்பேன். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன. முன்பே மெல்லிய துத்தநாகப் பூச்சு பெற்ற குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் செய்வது ஒன்று. சட்டம் முழுவதையும் பற்றவைத்து முடித்தபின் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது மற்றொன்று. முதல் வகையில் பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்துபோவதால், அங்கே வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டாவது வகையில் குழாயின் உட்புறமும் பூச்சு பெறுகிறது. அதிலும், மூடிய குழாயைவிட ஒரு பக்கம் திறந்த 'சி' வடிவச் சட்டமே மேல், ஏனெனில் உள்ளே தேங்கும் உப்பைக் கண்ணால் பார்க்கவும் குழாய்த் தண்ணீரால் கழுவவும் முடியும்.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதன் பாகங்களைப் பிணைக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் உப்புநீரில் நனையும்போது, இரு உலோகங்களும் தொடும் இடத்தில் மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. ஆக்சிலும் ஸ்பிரிங்கும் எப்படியும் இரும்பாகவே இருக்கும் என்பதால், கூடுதல் விலைக்கு ஈடான ஆயுள் உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மறுமொழி 2:
பிரேக் கட்டாயம். சுமையோடு சேர்ந்த டிரெய்லரின் எடை 750 கிலோவைத் தாண்டினால் ஆஸ்திரேலியாவில் பிரேக் வேண்டும். 2000 கிலோ வரை ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களிலும் இருந்தால் போதும். டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் உங்களுடையது 1000 கிலோவைக் கடந்துவிடும். டிரம் பிரேக்கை ஏற்காதீர்கள். உள்ளே புகும் உப்புநீர் எளிதில் வெளியேறாது. டிஸ்க் பிரேக்கைக் கழுவுவது சுலபம்.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது பேரிங்தான். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை) உடனே குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீர் கிரீஸைக் கெடுக்க, பேரிங் துருப்பிடித்து, பிறகு ஒருநாள் வழியிலேயே சக்கரம் இறுகிவிடும். ஆகவே படகை நீரில் இறக்கும் சரிவான ரேம்ப்பை அடைந்ததும் ஹப் ஆறும்வரை பொறுத்திருங்கள். கடல் பயன்பாட்டுக்கான கிரீஸையே இடுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் கிரீஸை உள்ளே தள்ளியபடி இருக்கும் ஹப் மூடிகளையும் பொருத்துங்கள். நீரில் இறக்கும் முன் விளக்கு இணைப்பைக் கழற்றிவிடுவதும் நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தொட்டியில் முக்கி எடுத்த 'சி' சட்ட டிரெய்லர் ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. படகைத் தாங்க ரோலர்களுக்குப் பதிலாக, கார்ப்பெட் சுற்றிய மரக்கட்டைகள் உள்ளன. அது பரவாயில்லையா?

மறுமொழி 1:
சட்டம் நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டைகளை உடனே மாற்றிவிடுங்கள். மரம் உளுத்துப்போகாமலிருக்கச் செம்பு கலந்த மருந்தூட்டிய கட்டைகளாக அவை இருக்கக்கூடும். கார்ப்பெட்டில் ஊறிய உப்புநீர் வழியாக அந்தச் செம்பு அலுமினிய அடிப்பகுதியைத் தொட்டால், படகின் தகட்டிலேயே குழிகள் விழும். அலுமினியப் படகுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாங்கு பட்டைகள் பொருத்தமானவை. வாங்கும் முன், லீஃப் ஸ்பிரிங்கின் அடுக்குகளுக்கு இடையிலும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகளிலும் துரு உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அவற்றை மாற்றுவது பெரிய செலவல்ல, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம்.