தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுட்டார்: உங்களுக்கும் அவருக்கும் நடந்ததை இங்க எழுதுங்க

ஆறாம் ஆண்டு மாணவனின் அம்மா, ஜெலுத்தோங்

வெள்ளிக்கிழமையோட நம்ம பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஐயா பள்ளியை விட்டுப் போயிட்டார். அரசாங்க வேலையில 60 வயசு ஆச்சுன்னா பிறந்தநாள் அன்னிக்கே கணக்கு முடிஞ்சது. பள்ளித் தவணை நடுவுல இருக்குன்னெல்லாம் பார்க்க மாட்டாங்க. கடைசி சபைகூடலுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தாங்க. மலேசிய தேசிய கீதம் நெகாராகூ, மாநிலப் பாட்டு, பள்ளிப் பாட்டு எல்லாம் முடிஞ்சதும் பொன்னாடை போர்த்த ஆரம்பிச்சாங்க. எண்ணிப் பார்த்தேன், எட்டு. அந்த வெயில்ல எட்டுப் பொன்னாடையோட நின்ன மனுஷன் மைக்கைப் பிடிச்சுப் பேசினது மொத்தமே ஆறு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் ஆண்பிள்ளைங்க கழிவறையில ஒழுகுற குழாயைப் பத்தி!

மீதி நேரம் முதலாம் ஆண்டு பத்திதான். "அடுத்த வருஷத்துக்கு இதுவரைக்கும் பதிஞ்சிருக்கிறது ஏழு பேர். இந்த நாட்டுல முதல் தமிழ் வகுப்பு 1816-ல இதே பினாங்குலதான், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல நடந்துச்சு. ஆரம்பிச்ச ஊருலயே நாற்காலி காலியா கிடக்கு"ன்னு சொல்லிட்டு என் பக்கம் பார்த்த மாதிரி இருந்துச்சு. பார்த்தாரோ இல்லையோ, எனக்குச் சுருக்குன்னுச்சு.

காரணம் இருக்கு. மகன் ரெண்டாம் ஆண்டு முடிச்சப்போ சீனப் பள்ளிக்கு மாத்துறதுக்கு நான்தான் விண்ணப்பப் பாரம் எடுத்துக்கிட்டு ஐயா அறைக்குப் போனேன். திட்டுவார், மொழி, இனம்னு பேசுவார்னு பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். ஒண்ணும் பேசல. "வீட்டுல யாருக்காவது மாண்டரின் வருமாம்மா?"ன்னு மட்டும் கேட்டார். டியூஷன் வைப்போம் ஐயான்னேன். தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வரும்போது, "இடம் பிடிச்சு வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா பாருங்க, இடத்துக்குத்தான் இங்க பஞ்சமே இல்லையே"ன்னார். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஒன்றரை வருஷம். வீட்டுப்பாடம் வாசிக்க அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பையன் ராத்திரி படுக்கையில மூத்திரம் போக ஆரம்பிச்சான். நாலாம் ஆண்டு நடுவுல திரும்ப அதே அறை, அதே நாற்காலி. ஏன் வந்தீங்கன்னு ஐயா கேட்கவே இல்ல. பையனைப் பார்த்து, "உன் மேசை சன்னல் ஓரம்தான். யாரும் உக்காரல, போ"ன்னார். அவ்வளவுதான். நான்தான் வெளிய வந்து அழுதேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க. நல்லதுதான் எழுதணும்னு இல்ல.

முன்னாள் மாணவி

2017 நவம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? சனிக்கிழமை 4-ஆம் தேதி ராத்திரி முழுக்கக் காத்தும் மழையும். எங்க வீடு பி. ரம்லி சாலைப் பக்கம், சாதாரண மழைக்கே தண்ணி ஏறுற இடம். அன்னிக்கு இடுப்பளவு. நான் அப்போ ஆறாம் ஆண்டு. யூபிஎஸ்ஆர், அதான் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வு, முடிஞ்சிருந்ததால புத்தகம் போனது பெருசா தெரியல, ஆனா சீருடை, காலணி, பை எல்லாம் சேறு. பள்ளி திறந்ததும் எப்படிப் போறதுன்னு வீட்டுலயே உக்காந்திருந்தேன்.

ஐயா வகுப்பாசிரியர் மூலமா வாட்ஸ்அப்ல தகவல் அனுப்பினார்: அந்த வாரம் முழுக்க எல்லாரும் வண்ண உடையில வரணும், சீருடை போட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்னு. வெள்ளம் வராத வீட்டுப் பிள்ளைங்களும் கலர் சட்டையிலதான் வந்தாங்க. எங்களுக்கெல்லாம் ஒரே குஷி, கொண்டாட்டம்னு நினைச்சுக்கிட்டோம். யார் வீட்டுல தண்ணி ஏறுச்சுன்னு தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சார்னு எனக்கு விளங்கினது இடைநிலைப் பள்ளியில படிவம் நாலு படிக்கும்போதுதான்.

ஆசிரியை, பிறை

நல்லதுதான் எழுதணும்னு இல்லன்னு சொன்னதால எழுதுறேன். மூணு வருஷம் அவர்கிட்ட வேலை செஞ்சேன். கோப்புன்னா கோப்பு, தேதின்னா தேதி. ஒரு நாள் பினாங்குப் பாலத்துல விபத்து, நெரிசல், பன்னிரண்டு நிமிஷம் தாமதம். விளக்கக் கடிதம் எழுத வச்சு அதைக் கோப்புல சேர்த்துட்டார். அன்னிக்கு என் குழந்தைக்குக் காய்ச்சல் வேற. சொன்னேன். "காய்ச்சலையும் எழுதுங்க டீச்சர்"ங்கிறார்!

அவரும் என்னை மாதிரி தீவுக்கு அக்கரையில, பெருநிலத்துல இருக்கிறவர்தான், பட்டர்வொர்த். பழைய ஃபெர்ரி ஓடின வரைக்கும் மோட்டார் சைக்கிளோட அதுலதான் வருவார், ஆறரைக்குப் பள்ளி கேட்டுல நிப்பார். 2020 கடைசியில அந்த ஃபெர்ரிகளை நிறுத்தினதுக்கு அப்புறம் பாலம்தான்னு நினைக்கிறேன், நேரம் மட்டும் மாறவே இல்ல. தன்னால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்னு ஒரு நினைப்பு. அவர் கிளம்பும்போது மனைவி எழுந்து சமைச்சிருப்பாங்க. என் வீட்டுல அந்த மனைவி நான்தான்.

மாற்றல் கேட்டப்போ நல்லபடியா எழுதிக் கொடுத்தார், அதை மறைக்கல. இப்பவும் அந்தக் கடிதம் தேவையில்லாததுன்னுதான் சொல்வேன். விழாவுக்குப் போனேன். கை கூப்பினேன். "குழந்தை எத்தனாம் ஆண்டு?"ன்னார். மூணாம் ஆண்டுன்னேன். எந்தப் பள்ளின்னு அடுத்த கேள்வி. மனுஷன் மாறவே மாட்டார்.

சிற்றுண்டிச் சாலை ஆண்ட்டி (மகள் எழுதுகிறேன், அம்மா சொல்லச் சொல்ல)

ஆர்எம்டி, அதான் வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவசச் சாப்பாடு, அதை வாங்குற பிள்ளைங்களுக்கு முன்னாடி, தினமும் ஐயாவுக்கு ஒரு தட்டு. ருசி பார்க்க. நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவார். முட்டை விலை ஏறினப்போ நான் பாதியா வெட்டி வச்சேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, கிச்சாப் சாஸைக் குறைங்க, மிலோவுல சீனியைக் குறைங்க. முட்டையை மட்டும் வெட்டாதீங்க"ன்னார். அதுக்கப்புறம் வெட்டினதில்ல. காசு இடிக்குதுன்னு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல அவரே போய்ப் பேசி ரெண்டு தவணை முட்டைக்கு ஏற்பாடு பண்ணினார். நாசி லெமாக் சம்பல் காரம்னு மட்டும் வாரம் ஒரு தடவை குறை சொல்வார். பிள்ளைங்க ஒருத்தரும் சொன்னதில்ல, இவருக்குத்தான் காரம் ஆகாது.

ஒரு பேரப்பிள்ளையின் தாத்தா, ஆயர் ஈத்தாம்

எனக்குத் தட்டச்சு சரியா வராது, பொறுத்துக்கொள்ளவும்.

பேத்திக்குக் குடியுரிமை இல்லை. மகன் கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டான், மருமகள் வேறு நாட்டவள், பிள்ளையை எங்களிடம் விட்டுப் போய்விட்டாள். ஏழு வயதில் இரண்டு பள்ளிகளில் கேட்டுவிட்டு மூன்றாவதாக இங்கே வந்தேன். பத்திரங்களைப் பார்த்தார். "முதலில் பிள்ளை உள்ளே உட்காரட்டும், தாள் பிறகு வரட்டும்" என்றார். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது அவர்தான்.

தேசியப் பதிவிலாகாவுக்கு என்னோடு மூன்று முறை வந்தார். பள்ளி விடுமுறையில், தன் காரில். எனக்கு மலாய் பேச வரும், எழுத வராது. அன்றிருந்த விதிப்படி 21 வயதுக்குள் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எனக்கு விளக்கிச் சொன்னவர் அவர். பேத்தி இப்போது இடைநிலைப் பள்ளியில். பதில் இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் வந்திருந்தேன். கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, "ஐயா, உங்கள் கோப்பின் நகல் என் வீட்டில் இருக்கிறது. புது தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். அழைப்பு வந்தால் எனக்குப் போன் போடுங்கள், நான்தான் இனிமேல் சும்மா இருக்கிறேனே" என்றார். அவர் என்னை ஐயா என்கிறார். நான் அவரை ஐயா என்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர்

விழா செலவு பத்திக் கேட்டவங்களுக்கு: மோதிரம் போடலாம்னு வசூல் பண்ணினோம், உண்மை. விஷயம் தெரிஞ்சு வேண்டாம்னுட்டார். பிடிவாதமா மறுத்ததால ஒரு வேட்டி சட்டையும் பழத்தட்டும்தான். மீதி 640 வெள்ளி (ரிங்கிட்) சங்கக் கணக்குல இருக்கு, ரசீது வேணும்னா காட்டுறேன். எட்டுப் பொன்னாடையும் அவங்கவங்க சொந்தச் செலவு, சங்கத்துக்குச் சம்பந்தம் இல்ல.

ஆறாம் ஆண்டு மாணவனின் அம்மா, ஜெலுத்தோங்

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, உங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பியிருக்கேன், பாருங்க. எனக்குத் தெரிஞ்ச வழக்கறிஞர் ஒருத்தர் இந்த மாதிரி வழக்குகளைக் காசு வாங்காம பார்க்கிறார்.

டீச்சர், நீங்க எழுதினதும் நியாயம்தான்.

பொருளாளர் அண்ணே, அந்த 640-ல இருந்து குழாய்க்கு எடுக்கலாமா? இன்னிக்குப் பையனைக் கூப்பிடப் போனப்போ எட்டிப் பார்த்தேன், கீழே வாளி வச்சிருக்காங்க, இன்னும் ஒழுகுது. என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை தெரியும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு வர்றாராம். கூட ஒரு ஆள் வேணும், ஏணி வச்சிருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.