தரைக்கடி ஹீட்டிங்: படுக்கையறை 26, ஹால் 17, தெர்மோஸ்டாட் சொன்ன பேச்சே கேட்பதில்லை

குளிர்வாசி:
தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓடும் ஹீட்டிங். மேனிஃபோல்டில் (சுடுநீரை ஒவ்வொரு ரூமுக்கும் பிரித்து அனுப்பும் இடம்) 5 லைன்: 1 சமையலறை, 2 குளியலறை, 3, 4 இரண்டும் ஹால், 5 படுக்கையறை. போன மாதம் பழைய ஒயர் தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் போட்டுக்கொடுத்தார்கள், அன்றிலிருந்து தலைவலிதான். படுக்கையறையில் 20 வைத்தால் 26 காட்டுகிறது, ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறோம். ஹாலில் 21 வைத்திருக்கிறேன், 17ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. படுக்கையறையை 15க்குக் குறைத்தும் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. மேனிஃபோல்டுக்குப் போகும் தண்ணீர் 42 டிகிரி, பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை: போன வாரம் பையன் விளையாட்டாகப் படுக்கையறை தெர்மோஸ்டாட்டை 30க்கு ஏற்றிவிட்டான், மறுநாள் பார்த்தால் ஹால் நன்றாகக் கதகதப்பாக இருந்தது. வெளியே வெயில் அடித்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பைப்புக்காரன்:
5ஆம் லைனின் ஆக்சுவேட்டரை (மேலே தொப்பி மாதிரி வெள்ளையாக இருக்குமே, வால்வைத் திறந்து மூடுவது, அது) கழற்றுங்கள். உள்ளே சின்ன ஊசி நிற்கும். விரலாலோ மரத்துண்டாலோ அழுத்தினால் உள்ளே போய்த் தானே எகிறி வர வேண்டும். அழுத்தியும் இறங்காமல் இறுகிக் கிடந்தால் வால்வு மூடாது, ரூம் சூடாகிக்கொண்டே இருக்கும். ஊசியைக் குறடு போட்டு இழுத்துவிடாதீர்கள், பிடுங்கி வந்தால் தண்ணீர் பீச்சி அடிக்கும்.

மோட்டார்மூளை:
ஊசி சிக்கிக்கொண்டால் படுக்கையறை சூடாவது சரி, ஹால் ஏன் குளிர்கிறது? அதற்கு இன்னும் இரண்டு ஊசி, மூடின நிலையில் ஒரே மாதத்தில் சிக்க வேண்டும். நம்பும்படி இல்லை. உங்கள் பையன்தான் விடையைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைக்கிறேன். இரண்டு தெர்மோஸ்டாட்டும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. ஹாலில் 17 இருப்பதால் ஹால் தெர்மோஸ்டாட் 'சூடு வேண்டும்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, திறப்பதோ படுக்கையறை லைன். படுக்கையறை தெர்மோஸ்டாட் 26ஐப் பார்த்து 'போதும்' என்கிறது, மூடுவது ஹால் லைன். ஒன்று வேக வேக இன்னொன்று உறையும், தானாகச் சரியாகவே ஆகாது.

சோதித்துப் பாருங்கள்: எல்லா தெர்மோஸ்டாட்டையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, படுக்கையறையை மட்டும் 30க்கு ஏற்றுங்கள். ஆக்சுவேட்டருக்குள் இருப்பது மெழுகு, அது சூடாகி விரிய 3 முதல் 5 நிமிடம் ஆகும், அதனால் உடனே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதாதீர்கள். மேனிஃபோல்டில் லைனுக்கு ஒன்றாகச் சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும், எதில் ஃப்ளோ முள் (தண்ணீர் ஓடும் அளவைக் காட்டுவது) நகர்கிறது என்று பாருங்கள்.

குளிர்வாசி:
செய்தேன். நாலாவது நிமிடத்தில் 3, 4 இரண்டிலும் தொப்பி மெல்ல மேலே எழும்பியது, முள் 2 லிட்டருக்கு வந்தது. 5 அசையவே இல்லை! படுக்கையறையை இறக்கி ஹாலை ஏற்றினால் 5 மட்டும் திறக்கிறது. ஒரு மாதமாகப் படுக்கையறையைக் குறைக்கக் குறைக்க, நானேதான் ஹாலைக் குளிரவைத்திருக்கிறேன். இப்போது ஒயரிங் பெட்டியைத் திறக்க வேண்டுமா?

பைப்புக்காரன்:
சரி, ஊசி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பெட்டியைத் திறக்காதீர்கள், உள்ளே மெயின் மின்சாரம். வயர்லெஸ்தானே, இரண்டையும் சுவரிலிருந்து கழற்றி இடம் மாற்றி மாட்டுங்கள், வேலை முடிந்தது. நேர அட்டவணையையும் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

குளிர்வாசி:
நாலு நாள் ஆகிறது, அற்புதம். ஜன்னலை மூடிவிட்டுத் தூங்குகிறோம். சின்னதாக ஒரு குறை: ஹாலில் ராத்திரி 16, காலை 6 மணிக்கு 21 என்று வைத்திருக்கிறேன். 11 மணிக்குத்தான் 21 வருகிறது, அப்புறம் நிற்காமல் 23 வரை போகிறது.

மோட்டார்மூளை:
அது கோளாறு இல்லை, தரையின் குணம். குழாய்க்கு மேலே இருக்கிற கான்கிரீட் முதலில் சூட்டைக் குடிக்கும், வால்வு மூடின பிறகும் குடித்ததை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரிக்கு 16 ரொம்பக் குறைவு, 19 வையுங்கள். தண்ணீரையும் 42லிருந்து 38க்கு இறக்கிப் பாருங்கள், மெதுவாக ஏறினால் தாண்டுவதும் குறையும். ஒரு மாற்றம் செய்தால் ஒரு முழு நாள் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், மணிக்கொரு தரம் திருகினால் எது எதனால் ஆனது என்றே தெரியாது. அப்புறம், பையனுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக்கொடுங்கள்.