புற்றுநோயில் ரத்தம் உறைவதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மண்டபம் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் கீமோ போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு எங்கள் செவிலியர் கல்லூரியில் ஒரு துண்டறிக்கை தயார் செய்கிறோம், பாம்பனிலிருந்து தொண்டி வரை கொடுக்க. கூடவே மாணவிகளுக்கு ஒரு கலைச்சொல் பட்டியலும். புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்துபோகும் ஆபத்து அதிகம் என்று அதில் சொல்ல வேண்டும். 'ரத்தக்கட்டி' என்று எழுதத்தான் கை போனது. ஆனால் இந்த நோயாளியிடம் 'கட்டி' என்றால் இன்னொன்று கிளம்பிவிட்டது என்று பயந்துபோவார். 'ரத்தக்கட்டு' அதைவிட மோசம்! அடிபட்ட வீக்கம் என்று நினைத்துப் பற்றுப் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவி விடுவார்கள். காலில் உறைந்ததை உருவினால் அது பிய்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். நல்ல சொல்லாக ஒன்று கொடுங்கள்.

தேவிபட்டினம் ஐயா:

முதலில் 'ரத்தம்' வேண்டாம், குருதி என்று எழுதுங்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் வராது என்பது செவிலியர் கல்லூரிக்கும் பொருந்தும். என் பரிந்துரை 'புற்றுறைவு'. உறைதல் என்றால் தங்குதல், 'வானுறையும் தெய்வத்துள்' என்கிறது குறள். ஓட வேண்டியது ஓரிடத்தில் தங்கிவிட்டது, அதுதானே நோய்? பாலுக்கு உறை ஊற்றுவது, உறைபனி, குடியிருக்கும் உறையுள் எல்லாம் ஒரே வேர். உறையூரும் இதில் அடங்கும் என்பது என் துணிபு, விரிவாக எழுதுகிறேன்.

திருப்புல்லாணி தமிழாசிரியர்:

ஐயா, புற்றுறைவு என்பதைப் 'புற்றால் வரும் உறைவு' என்று மூன்றாம் வேற்றுமையாக விரிக்கிறீர்கள். படிப்பவர் 'புற்றில் உறைவது' என்று ஏழாம் வேற்றுமையாக விரித்தால்? திருவாரூரில் மண்புற்றில் குடிகொண்ட சிவன், புற்றிடங்கொண்டார்தான் நினைவுக்கு வருவார். சரி, குருதியைச் சேர்த்துப் 'புற்றுக்குருதியுறைவு' ஆக்கலாம் என்றால், முதல் பாதியைப் படித்ததுமே ரத்தப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ராமநாதபுரம் டாக்டர் தம்பி:

நீங்கள் எல்லோரும் இரண்டு விஷயத்தை ஒன்றாக்குகிறீர்கள். உறைந்து நிற்கும் பொருள் வேறு, உறையத் தயாராக இருக்கும் ரத்தத்தின் நிலை வேறு. அக்காவுக்கு வேண்டியது இரண்டாவதற்கான சொல் என்று நினைக்கிறேன். புற்றுச் செல்கள் திசுக்காரணி என்ற புரதத்தை வெளியே காட்டி, உறைதல் வேலையைக் காயமே இல்லாமல் தொடங்கிவைக்கின்றன. கீமோவும் அறுவையும் படுத்தே கிடப்பதும், மருந்து ஏற்றச் சிரையில் வைக்கும் குழாயும் அதைக் கூட்டும். கணையம், இரைப்பை, மூளை இவற்றில் வரும் புற்றில் ஆபத்து மிக அதிகம். 1865-இல் பாரிசில் த்ரூசோ என்ற மருத்துவர் இந்தத் தொடர்பை விளக்கினார், பிறகு தன் உடம்பிலேயே இப்படி ரத்தம் உறைவதைப் பார்த்துத் தனக்கும் புற்று என்று கண்டுகொண்டார், 1867-இல் இரைப்பைப் புற்றில் இறந்தார். உறைவு கண்ணில் படும்போது புற்றே இன்னும் தெரியாமல் இருக்கலாம், அதனால் 'புற்று' என்று தொடங்கும் சொல் எல்லா இடத்திலும் ஒட்டாது. அளவுக்கு மீறி உறையும் தன்மை என்ற பொருளில் 'மீயுறைமை' எப்படி?

கீழக்கரை காக்கா:

தம்பி, 'மீ' என்றதும் எனக்கு மீகாமன் ஞாபகம் வருகிறது. காப்பியத்தில் கப்பல் ஓட்டியவன் மீகாமன், எங்கள் பக்கம் தோணி ஓட்டியவர் தண்டல். மீகாமன் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீயுறைமை என்று எழுதினால் மீனை ஐஸில் வைக்கும் தொழில் என்பார்கள்.

மண்டபம் அக்கா:

காக்கா, சிரித்துவிட்டேன். நுரையீரலில் போய் அடைப்பதற்கு ஒரு கலைச்சொல் பட்டியலில் 'தக்கையடைப்பு' என்று பார்த்தேன். இங்கே தக்கை என்றால் வலையில் கட்டுகிற மிதப்பு, குழப்பம் வராதா?

கீழக்கரை காக்கா:

வராது லாத்தா, அதுதான் இருப்பதிலேயே நல்ல சொல். வலையிலிருந்து அறுந்த தக்கை நீரோட்டத்தோடு போய் எங்கேயாவது இடுக்கில் சிக்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேவிபட்டினம் ஐயா:

மீனவர் மொழி என்றால் ஏற்பீர்கள், குருதி என்றால் புரியாது என்பீர்கள். மன்னாருக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் 'குருதி உறைதல்' என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள், அவர்களுக்குப் புரிகிறதே?

திருப்புல்லாணி தமிழாசிரியர்:

அவர்களுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், புரிகிறது. நம் நோயாளிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இப்போது நேரம் இல்லை. மாணவர் பட்டியலுக்கு 'மிகையுறைமை' போதும், 'மீ'யும் வேண்டாம் 'அதி'யும் வேண்டாம்.

ராமநாதபுரம் டாக்டர் தம்பி:

அதற்கு என் ஓட்டு. அப்புறம், 'ரத்தத்தைக் கரைக்கும் மாத்திரை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அக்கா. ஹெப்பாரின் ஊசியோ அபிக்சபான் மாத்திரையோ எதையும் கரைப்பதில்லை, மேலும் உறையாமல் தடுக்கின்றன, இருப்பதை உடம்பு தானே மெல்லக் கரைத்துக்கொள்ளும். கரைந்துவிட்டது என்று நம்பி மருந்தைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. 'உறைதடுப்பு மருந்து' என்றே போடுங்கள்.

மண்டபம் அக்கா:

சரி, இரவு பதினொன்று ஆகிறது. தலைப்பு 'புற்றுநோயும் ரத்த உறைவும்'. உள்ளே 'ரத்தம் எளிதில் உறையும் தன்மை' என்று நீட்டியே எழுதுகிறேன். மிகையுறைமை மாணவிகளின் பட்டியலுக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உருவ வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இது கொட்டை எழுத்தில், முதல் பக்கத்தில்.

தேவிபட்டினம் ஐயா:

என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'இரத்தம்' என்றாவது இகரம் போட்டு அச்சிடுங்கள். உறையூர் பற்றிய கட்டுரையை நாளை தனி இழையில் இடுகிறேன்.