அம்பாசமுத்திரத்தில் சிறு மருத்துவமனை: இன்டெம்னிட்டி பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: அம்பை மகப்பேறு மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் 15 படுக்கைகள் கொண்ட ஒரு மகப்பேறு மருத்துவமனையை நானும் என் கணவரும் 2011 முதல் நடத்தி வருகிறோம். நான் மகப்பேறு மருத்துவர். அவர் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். மயக்க மருந்து மருத்துவர் எங்களிடம் நிரந்தரமாக இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிடும் நேரத்துக்கு வந்து போகிறார். நிலைமை கைமீறும் என்று தோன்றினால் தாயையோ குழந்தையையோ ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறோம்.

எங்கள் இருவருக்கும் தனித்தனியே தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, அதாவது நாங்கள் இன்டெம்னிட்டி பாலிசி என்று சொல்வது, 2012 முதல் ஒரே பொதுத்துறை நிறுவனத்தில் இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. தொகை ஆளுக்கு 25 லட்சம். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டிய இந்த நேரத்தில், ஒரு தனியார் நிறுவனத்தின் முகவர் வந்து, இதைவிடக் குறைந்த பிரீமியத்தில் 1 கோடிக்குப் பாலிசி தருவதாகச் சொல்கிறார். எங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவருக்குச் சென்ற ஆண்டு 80 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது; அந்தக் குடும்பம் அவருக்குக் கொடுத்திருந்த கட்டணமோ 40,000 ரூபாய். அதைக் கேட்டது முதல் 25 லட்சம் போதுமா என்ற கவலை என்னை விடவில்லை. பாலிசியை மாற்றலாமா என்பதும், மருத்துவமனையின் பெயரில் தனியாக ஒன்று எடுக்க வேண்டுமா என்பதும் என் கேள்விகள்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அப்படியென்றால், சிகிச்சையில் ஏதேனும் பிசகிவிட்டால் அந்தக் குடும்பத்தாரிடம் நான் வாய் திறந்து பேசவே கூடாதா?

பதில் 1: ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், வண்ணார்பேட்டை

டாக்டரம்மா அவர்களுக்கு வணக்கம். முகவர் சொன்ன பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் பாலிசியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ரெட்ரோஆக்டிவ் தேதி என்று அச்சிட்டிருக்கும் நாள். மற்றொன்று, ஒரு நிகழ்வுக்கான வரம்புக்கும் ஓராண்டுக்கான வரம்புக்கும் உள்ள விகிதம்.

இது வாகனக் காப்பீடு போன்றதன்று. வாகனக் காப்பீட்டில் விபத்து நடந்த அன்று பாலிசி நடப்பில் இருந்தால் போதும். இதிலோ சிகிச்சை நடந்த நாள், இழப்பீட்டுக் கோரிக்கை உங்கள் கைக்கு வந்த நாள் என்று இரண்டையும் பார்ப்பார்கள். கோரிக்கை வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். சிகிச்சையோ ரெட்ரோஆக்டிவ் தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் இடைவிடாமல் புதுப்பித்து வந்திருப்பதால், உங்கள் பாலிசியில் அந்தத் தேதி 2012ஆம் ஆண்டுக்கு உரியதாகவே இருக்கும். எதற்கும் எடுத்துச் சரிபாருங்கள். புதிய நிறுவனம் தன் பாலிசி தொடங்கும் நாளையே அந்தத் தேதியாகப் போட்டுக்கொடுத்தால், அதற்கு முன் நீங்கள் பார்த்த பிரசவங்கள் அனைத்தும் ஒரே நாளில் காப்பீடு இல்லாதவையாகிவிடும். பழைய நிறுவனத்திடம் போய் நின்றால், "கோரிக்கை வந்த நாளில் எங்கள் பாலிசி இல்லையே" என்று சொல்வார்கள். புதிய நிறுவனம், "சிகிச்சை எங்கள் தேதிக்கு முன்பே நடந்துவிட்டதே" என்று சொல்லும். மருத்துவர்கள் ஏமாந்துபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியை அப்படியே ஏற்கிறோம் என்று புதிய பாலிசியிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். முகவரின் வாய்வார்த்தை போதாது.

அடுத்து அந்த 1 கோடி. அது ஓராண்டுக்கு உரிய மொத்த வரம்பாக இருக்கக் கூடும். விகிதம் 1:1 என்றால் ஒரே நிகழ்வுக்கு முழு 1 கோடியும் கிடைக்கும். 1:4 என்றால் ஒரு நிகழ்வுக்கு 25 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. பிரீமியம் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உங்களைப் போன்ற சிறு மருத்துவமனைக்கு ஓராண்டில் நான்கு வழக்குகள் வருவது அரிது. ஒரே ஒரு பெரிய வழக்குத்தான் வீட்டையும் நிலத்தையும் விற்கும் நிலைக்குத் தள்ளும். ஆகவே ஒரு நிகழ்வுக்கான வரம்பைத்தான் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் செலவும் இந்த வரம்புக்குள்தான் அடங்குமா என்பதைக் கேளுங்கள். கோரிக்கையில் முதல் பங்காக நீங்களே கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பழைய நிறுவனத்திலேயே தொகையை உயர்த்திக்கொள்ள முடியும். உயர்த்திய தொகை பழைய சிகிச்சைகளுக்கும் பொருந்துமா, இனி நடப்பவற்றுக்கு மட்டுமா என்பதை அப்போது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில், வந்த வக்கீல் நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டு வைத்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்தின் அழைப்பாணை வந்த பிறகே எங்களிடம் ஓடிவந்த மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பாலிசி ஆண்டு மாறியிருக்கும். உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மீறப்பட்டிருக்கும். நோட்டீஸ் வந்த அன்றே தெரிவியுங்கள். நோட்டீஸ் வராவிட்டாலும், குடும்பத்தார் எழுத்தில் புகார் கொடுத்தாலே தெரிவித்துவிடுவது நல்லது.

பதில் 2: வழக்கறிஞர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி காப்பீட்டுப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். 40,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 80 லட்சம் எப்படிக் கேட்க முடிகிறது என்பதைச் சட்டத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த ஒன்று. 2024 மே மாதம், வழக்கறிஞர்களின் பணி அச்சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தபோது, சாந்தா தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் குறிப்பிட்டதால், மருத்துவமும் விலகிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்குத் தேவையில்லை என்று சொல்லி அந்தக் கதவை மூடிவிட்டது.

பெரிய மாற்றம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், கேட்கப்படும் இழப்பீட்டையும் கூட்டித்தான் வழக்கு எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்தார்கள். மாவட்ட அளவில் 20 லட்சம் வரைதான் கேட்க முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், கொடுத்த கட்டணத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறது. 2021 டிசம்பர் விதிகளின்படி கட்டணம் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் புகாருக்கு ஆணையத்தில் ஒரு ரூபாய்கூடச் செலுத்த வேண்டியதில்லை. புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், கடையத்திலிருந்து உங்களிடம் பிரசவத்துக்கு வந்த பெண், தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்ற முறையில் அங்கேயே தொடுக்க முடியும். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இவை அனைத்தும் நியாயமான ஏற்பாடுகள் என்பதே என் கருத்து. ஆனால் மருத்துவர் இதற்கேற்பத் தம் காப்பீட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இழப்பீட்டுக்கு நம் நாட்டில் சட்டப்படியான உச்சவரம்பு எதுவும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மன வேதனைக்கான இழப்பீட்டை மட்டும் 1975 முதல் 2,50,000 டாலருக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதையும் 2023 முதல் படிப்படியாக உயர்த்தி வருகிறார்கள். இங்கே வாழ்நாள் முழுவதற்குமான செலவைக் கணக்கிட்டே தொகை விதிக்கப்படுகிறது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை பறிபோனது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கடந்தகாலச் செலவும் வருங்காலச் செலவுமாக ஏறத்தாழ 1.8 கோடி வழங்கியது. பிறப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை 19 ஆண்டுகள். புகாருக்குரிய காலவரம்பு 2 ஆண்டுகள்தான் என்றாலும், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குழந்தையின் குறைபாடு வெளியே தெரியவே சில ஆண்டுகள் ஆகும். மகப்பேறு மருத்துவருக்கு ரெட்ரோஆக்டிவ் தேதி ஏன் உயிர்நாடி என்பது இதிலிருந்து விளங்கும்.

மருத்துவமனைக்குத் தனிப் பாலிசி கட்டாயம் வேண்டும். வெளியிலிருந்து வந்துபோகும் மருத்துவரின் தவறுக்கும் மருத்துவமனை பொறுப்பேற்க நேரும் என்பது 2004இல் சவிதா கார்க் வழக்கில் சொல்லப்பட்டது. செவிலியர், பணியாளர் தவறுகளும் அப்படியே. உங்கள் இருவரின் தனிப்பட்ட பாலிசிகள் இதைத் தாங்க மாட்டா.

குற்றவழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டனையையோ அபராதத்தையோ எந்தப் பாலிசியும் ஏற்காது. கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்றவழக்கு நிற்கும் என்றும், அதற்கு முன் வேறொரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும் என்றும் 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது.

ஒப்புதல் படிவத்தில் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று எனக்குக் கவலை தருகிறது. நோயாளி முழு நினைவோடு இருக்கும்போதே கணவரிடமோ மாமியாரிடமோ கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவருடைய தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கையெழுத்து அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அவருக்குப் புரியும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். இரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள், ஏன் மேல் சிகிச்சைக்கு அனுப்பினீர்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்வதும், வருத்தம் தெரிவிப்பதும் மருத்துவரின் கடமை. "தவறு என்னுடையது, இவ்வளவு பணம் தருகிறேன்" என்று உறுதி கொடுப்பதைத்தான் அந்த நிபந்தனை தடுக்கிறது.

பதில் 3: கல்லிடைக்குறிச்சி வாசகர்

நான் மருத்துவரும் அல்லன், வக்கீலும் அல்லன். என் தாயாருக்கு 2017இல் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் நிலைமை மோசமாகி ஹைகிரவுண்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த சீட்டில் இரண்டே வரிகள்தான் இருந்தன. என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று அங்கிருந்த மருத்துவர் எங்களிடம் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? அம்மா பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் கேஸ் ஷீட்டின் நகலை நான்கு முறை போய்க் கேட்டும் தரவில்லை. அறுவை செய்த மருத்துவரைப் பார்க்கவும் விடவில்லை. கடைசியில் நாங்களும் வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்பினோம். முதல் நாளே அவர் எங்களை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம். மருத்துவர் அம்மா கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்தபோது, இப்படிக் கவலைப்படுபவரும் இருக்கிறார் என்று நிறைவாக இருந்தது.

பதில் 2இன் தொடர்ச்சி: வழக்கறிஞர், பாளையங்கோட்டை

இவர் சொல்வது முக்கியமானது. மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்று அதே விதி சொன்னாலும், பிரசவ ஆவணங்களை அத்துடன் அழித்துவிட வேண்டாம் என்று என்னிடம் வரும் மருத்துவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆணையத்தின் அழைப்பாணை வந்துவிட்டால், பதில் மனு கொடுக்க 30 நாள்களும், அனுமதி பெற்றால் மேலும் 15 நாள்களும்தான் உண்டு. 45 நாள்களுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு முடிவுசெய்துவிட்டது. ஆவணம் ஒழுங்காக இல்லாதவருக்கு அந்த 45 நாள்கள் போதவே போதா.

கேட்டவர்: அம்பை மகப்பேறு மருத்துவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரிடம் நேற்று எழுத்தில் கேட்டேன். அண்ணாச்சி ஐயப்பட்டபடியே விகிதம் 1:4. ரெட்ரோஆக்டிவ் தேதியும் புதிய பாலிசி தொடங்கும் நாளே. ஆகவே பழைய நிறுவனத்திலேயே தொடர்ந்து, ஒரு நிகழ்வுக்கான வரம்பை 1 கோடியாக உயர்த்தவும், மருத்துவமனை பெயரில் தனிப் பாலிசி எடுக்கவும் விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். கல்லிடைக்குறிச்சி ஐயாவின் பதிவைப் படித்த பிறகு, எங்களிடமிருந்து போகும் அனுப்புச் சீட்டுகளின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். பலவற்றில் மருந்தின் பெயர் இருக்கிறது, கொடுத்த நேரம் இல்லை. நேரம், அளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு இடம்விட்டுப் புதிய படிவம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

விசாரித்ததில் ஒன்று தெரியவந்தது. எங்களிடம் வரும் மயக்க மருந்து மருத்துவர் இரண்டு ஆண்டுகளாகத் தம் பாலிசியைப் புதுப்பிக்கவே இல்லை. இதற்கு என்ன செய்வது?

பதில் 1இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர், வண்ணார்பேட்டை

அவர் இந்த வாரமே புதிதாக எடுத்துவிட வேண்டும். விட்டுப்போன இரண்டு ஆண்டுகளுக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் பாதுகாப்பு திரும்பக் கிடைப்பது கடினம். ஆயினும் பழைய நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பார்க்கட்டும். மருத்துவமனைப் பாலிசிக்கு நீங்கள் நிரப்பும் படிவத்தில், வந்துபோகும் மருத்துவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் பின்னர் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். பாலிசி நகல் உங்கள் கைக்கு வரும் வரை, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளுக்கு வேறொருவரை அழைத்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மா.